தானியேல் அரண்மனைச் சமையலறையைப் பூட்டவில்லை

2025 நவம்பர் 10ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், தன்பால் இணையருக்குத் திருமண உரிமம் கொடுக்க மறுத்துச் சிறைக்குப் போன அரசு அதிகாரி கிம் டேவிஸின் மனுவை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. காரணம் எதுவும் சொல்லவில்லை. கென்டக்கி மாநிலத்தில் 2015ல் தொடங்கிய வழக்கு அதோடு முடிந்தது. எனக்கு மட்டும் அது இன்னும் முடியவில்லை. நான் பெந்தெகொஸ்தே குடும்பத்தில் வளர்ந்தவள், இன்றும் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள். கிம் டேவிஸின் பெயரை நான் முதலில் கேட்டதே ஒரு பிரசங்கத்தில்தான். அவரைச் சிறையில் அடைத்த சமயத்தில் எங்கள் பாஸ்டர் அவரை, பைபிளில் ஜெபித்ததற்காகச் சிங்கக் கெபியில் போடப்பட்ட தானியேலோடு ஒப்பிட்டுப் பேசினார். சபை முழுக்க ஆமென் சொன்னது. நானும் சொன்னேன். சிறைக்குப் போகும் அளவுக்கு ஒரு பெண் தன் நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பது யாரையும் அசைக்கத்தான் செய்யும்.

தன்பால் இணையர் திருமணம் செய்துகொள்ளும் உரிமையை அரசு தர வேண்டும் என்று நினைக்கிறவள் நான். எங்கள் சபையில் பெரும்பாலோர் அப்படி நினைப்பதில்லை, அவர்களோடுதான் பந்தியில் உட்காருகிறேன். அதனால் இந்த விஷயத்தை "பழமைவாதிகள் தோற்றார்கள்" என்று ஒரே வரியில் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. மனசாட்சி என்று ஒன்று உண்டு, அரசாங்கம் அதை மிதிக்கக் கூடாது என்றும் உறுதியாக நம்புகிறேன். இந்த இரண்டு நம்பிக்கையும் ஒரே கவுன்ட்டர் முன்னால் மோதிக்கொண்டால் என்ன செய்வது?

மனு தள்ளுபடியான செய்தியைக் கேட்டு நாகர்கோவிலிலிருந்து பெரியம்மா போன் செய்தார். "அந்தப் பிள்ளை வேலையைப் பெருசா நினைக்கல, ஆண்டவரைத்தான் பெருசா நினைச்சா" என்றார். "வேலையை விடலியே பெரியம்மா" என்றேன். அவர் உடனே கேட்டார்: "விட்டுட்டுப் போயிட்டா அப்புறம் சாட்சி எங்க இருக்கு?" நல்ல கேள்வி. எனக்கு அப்போது பதில் வரவில்லை.

ஒரு காகிதத்தில் ஒரு பெயர்

தன்பால் இணையர் திருமணத்தை அமெரிக்கா முழுக்கச் சட்டப்படி ஆக்கிய ஓபர்கெஃபெல் வழக்கு ஒரு மரணச் சான்றிதழில் தொடங்கியது. ஒஹாயோவைச் சேர்ந்த ஜிம் ஓபர்கெஃபெல்லின் இணையர் ஜான் ஆர்தர், ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயால் படுக்கையில் கிடந்தார். ஒஹாயோவில் அவர்கள் திருமணம் செய்ய முடியாது. மருத்துவ வசதியுள்ள சிறு விமானத்தில் மேரிலாந்துக்குப் பறந்து, பால்டிமோர் விமான நிலையத்தில் தரையில் நின்ற அந்த விமானத்துக்குள்ளேயே 2013 ஜூலையில் திருமணம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆர்தர் இறந்துபோனார். அவருடைய மரணச் சான்றிதழில் கணவர் என்ற இடத்தில் தன் பெயர் இருக்க வேண்டும், ஓபர்கெஃபெல் கேட்டது இதைத்தான். ஒஹாயோ மறுத்தது. அந்த வழக்கும் மிச்சிகன், கென்டக்கி, டென்னசி மாநில வழக்குகளும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் வரை போயின. 2015 ஜூன் 26 அன்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆன்டனி கென்னடி, மத நம்பிக்கை காரணமாக இதை ஏற்காதவர்கள் தங்கள் கருத்தை முழு மனதோடு தொடர்ந்து போதிக்கலாம், அரசமைப்பு அவர்களைக் காக்கும் என்றும் அதிலேயே எழுதினார்.

ஆக, வழக்குத் தொடுத்தவர் ஒரு காகிதத்தில் தன் பெயர் வர வேண்டும் என்று கேட்டார். கிம் டேவிஸோ ஒரு காகிதத்தில் தன் பெயர் வரக் கூடாது என்றார். கென்டக்கியில் திருமண உரிமத்தைக் கொடுப்பவர் கவுன்ட்டி கிளார்க். கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. நம் ஊர்ப் பதிவாளரைப் போலத்தான், ஆனால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி. ரோவன் கவுன்ட்டியில் டேவிஸின் அம்மா 37 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தவர். அம்மாவிடம் பல வருடம் துணை கிளார்க்காக வேலை பார்த்த டேவிஸ், ஜனநாயகக் கட்சிக்காரராக 2014 தேர்தலில் ஜெயித்து 2015 ஜனவரியில் பதவியேற்றார். பதவியேற்று ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, தீர்ப்பு வந்தது. ஆளுநர் ஸ்டீவ் பெஷியர் எல்லா கிளார்க்குகளுக்கும் உரிமம் கொடுக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். டேவிஸ் கொடுக்கவில்லை. தன்பால் இணையருக்கு மட்டும் மறுத்தால் பாகுபாடு ஆகிவிடும் என்பதால் யாருக்குமே திருமண உரிமம் இல்லை என்று நிறுத்திவிட்டார். அவர்மேல் வழக்குப் போட்ட நான்கு ஜோடிகளில் இரண்டு ஆண் பெண் ஜோடிகள். இது பலருக்குத் தெரியாது.

உரிமத்தில் தன் பெயர் அச்சாகிறது, அப்படியென்றால் அந்தத் திருமணத்துக்குத் தானே ஒப்புதல் கொடுத்ததாக ஆகிறது, இது தனக்குப் பரலோகமா நரகமா என்ற முடிவு என்றார் டேவிஸ். தொலைக்காட்சிக் கேலி நிகழ்ச்சிகளில் அவர் நான்கு முறை திருமணம் செய்தவர் என்பதை எடுத்துப் போட்டு உரித்தார்கள். அது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. மாமியாரின் கடைசி ஆசைக்காகத் தேவாலயத்துக்குப் போய் அங்கே மனம் மாறியவர் அவர். பழைய வாழ்க்கையைக் காட்டி ஒருவரின் விசுவாசத்தைப் பொய் என்று சொல்ல எங்கள் மதத்தில் யாருக்கும் அதிகாரம் கிடையாது. அவர் உண்மையாகவே பயந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 3

என் எண்ணம் திரும்பியது ஒரே ஒரு நாளின் நடவடிக்கையைப் படித்தபோது. அதற்கு முன் நடந்தவை வேகமாகவே நடந்தன. ஆகஸ்ட் 12ல் கூட்டாட்சி நீதிபதி டேவிட் பன்னிங் உரிமம் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. ஆகஸ்ட் 31ல் உச்ச நீதிமன்றமும் கொடுக்கவில்லை. மறுநாள் இரண்டு ஆண்கள் மோர்ஹெட் ஊரில் அவருடைய அலுவலகக் கவுன்ட்டருக்குப் போய்க் கேட்டார்கள். யாருடைய அதிகாரத்தின் பேரில் மறுக்கிறீர்கள் என்றதற்கு, "கடவுளின் அதிகாரத்தின் பேரில்" என்றார். அந்த வீடியோதான் உலகம் முழுக்கப் போனது. பாஸ்டர் சொன்னதும் அதைத்தான்.

வீடியோவில் வராதது ஆஷ்லண்ட் ஊர் நீதிமன்றத்தில் செப்டம்பர் 3ஆம் தேதி நடந்தது. மனுதாரர்கள் சிறைத் தண்டனை கேட்கவில்லை, அபராதம்தான் கேட்டார்கள். அபராதத்தை ஆதரவாளர்கள் கட்டிவிடுவார்கள், அதனால் பலன் இருக்காது என்று சொல்லி நீதிமன்ற அவமதிப்புக்காகப் பன்னிங் அவரைச் சிறைக்கு அனுப்பினார். பிற்பகல் அவருடைய ஆறு துணை கிளார்க்குகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நீங்கள் உரிமம் கொடுப்பீர்களா என்று கேட்டார். ஐந்து பேர் கொடுப்போம் என்றார்கள். அதில் சிலருக்கு மனமில்லை, ஆனாலும் சட்டப்படி நடக்கிறோம் என்றார்கள். மறுத்தவர் ஒருவர், டேவிஸின் மகன். சரி, பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். டேவிஸ் கையெழுத்துப் போட வேண்டாம், கவுன்ட்டரில் நிற்கக்கூட வேண்டாம். துணை கிளார்க்குகள் கொடுப்பதைத் தடுக்காமல் இருந்தால் போதும், வெளியே வந்துவிடலாம் என்று நீதிபதி வழி விட்டார். டேவிஸ் தன் வழக்கறிஞர்கள் மூலம் பதில் சொன்னார்: முடியாது, அவர்களுக்கும் அனுமதி தர மாட்டேன்.

இந்த இடத்தைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் எழவில்லை. அதுவரை அவர் தன்னை விலக்கிக்கொள்ளத்தான் கேட்கிறார் என்று நம்பியிருந்தேன். அவர் கேட்டது அதுமட்டும் இல்லை. தன் அலுவலகம் முழுவதும், அதில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மற்றவர்களின் கையும் தன் மனசாட்சிக்குக் கட்டுப்பட வேண்டும் என்று கேட்டார். தன் அதிகாரத்தின்கீழ் நடப்பதெல்லாம் தன் பெயரில் நடப்பதுதான் என்பது அவர் தரப்பு வாதம். அந்த வாதத்தை ஏற்றால், ஒரு மாவட்டத்தில் குடிமக்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பதவியில் இருப்பவரின் வேதப் புத்தகம் முடிவு செய்யும். அடுத்த தேர்தலில் வேறு வேதத்துக்காரர் வந்தால் வேறு மாதிரி. நாங்கள் இங்கே சிறுபான்மையினர். அதிகாரி தன் பக்தியை நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதை எங்களைவிட யார் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

தானியேலின் கதையை அன்று இரவு மறுபடி வாசித்தேன். ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்த மாட்டேன் என்று தானியேல் தீர்மானித்தபோது என்ன செய்தான்? எங்களுக்குப் பருப்பும் தண்ணீரும் கொடுங்கள், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று அதிகாரியிடம் கேட்டான். தனக்கும் தன் மூன்று தோழர்களுக்கும்தான் கேட்டான். மற்ற பிள்ளைகளின் தட்டில் கை வைக்கவில்லை, அரண்மனைச் சமையலறையைப் பூட்டவும் இல்லை. பின்னாளில் ஜெபத்தைத் தடை செய்யும் கட்டளை வந்தபோதும் மேல்வீட்டு அறையில், எருசலேமுக்கு நேரே திறந்திருந்த பலகணி முன்னால் முழங்காலில் நின்றான். அப்போது அவன் ராஜ்யத்தின் மூன்று பிரதானிகளில் ஒருவன், கையில் எவ்வளவோ அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரத்தை வைத்து யாரையும் எதையும் செய்யவிடாமல் தடுத்ததாக ஒரு வரிகூட இல்லை. சிங்கங்களின் முன் போனது அவன் உடம்பு மட்டும்தான்.

யார் கொடுத்த விலை

டேவிஸும் ஐந்து நாள் சிறையில் இருந்தார், அது சின்ன விஷயமில்லை. ஆனால் விலையில் பெரும்பங்கை வேறு யாரோ கொடுத்தார்கள். உரிமம் கிடைக்காமல் அலைந்த ஜோடிகள் கொடுத்தார்கள். பக்கத்துக் கவுன்ட்டிக்குப் போக வேண்டியதுதானே, அரை மணி நேரப் பயணம்தானே என்று அவர் தரப்பு கேட்டது. அவர்கள் வரி கட்டுவது ரோவன் கவுன்ட்டியில். மனுதாரர்களின் வழக்குச் செலவாக 2 லட்சத்து 24 ஆயிரம் டாலருக்கு மேல் மாநில அரசின் தலையில் விழுந்தது, அதாவது கென்டக்கி மக்களின் பணம். பிறகு தனியாக நடந்த இழப்பீட்டு வழக்கில் 2023ல் ஒரு ஜூரி அந்த வீடியோவில் இருந்த இருவருக்கும் தலா 50 ஆயிரம் டாலர் கொடுக்கச் சொன்னது. இன்னொரு ஜோடியின் வழக்கைக் கேட்ட ஜூரி ஒன்றுமே கொடுக்கவில்லை. வழக்கறிஞர் கட்டணம் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் டாலர் டேவிஸின் மேல் வந்தது. அதை எதிர்த்துப் போனபோதுதான், கூடவே ஓபர்கெஃபெல் தீர்ப்பையே ரத்து செய்யுங்கள் என்றும் கேட்டார். 2025 நவம்பரில் கதவை மூடியது அந்த மனுவுக்குத்தான்.

கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். கல்லூரித் தோழி ஒருத்தி வேறு மதத்துப் பையனைச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவுத் திருமணம் செய்தாள், நான் சாட்சிக் கையெழுத்துப் போடப் போயிருந்தேன். நோட்டீஸ் ஒட்டி முப்பது நாள் முடிந்துவிட்டது, ஆட்சேபம் எதுவும் வரவில்லை, காகிதமெல்லாம் சரியாக இருந்தது. அதிகாரி பேனாவை எடுக்கவில்லை. "பெத்தவங்களைக் கூட்டிட்டு வாங்கம்மா, எனக்கும் பொண்ணு இருக்கு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. லஞ்சம் கேட்கவில்லை, கத்தவும் இல்லை. நல்லது செய்வதாக மனதார நம்பினார். அவருடைய அந்த நல்ல மனதுக்கு முன்னால் என் தோழி கையில் மாலைப் பையை வைத்துக்கொண்டு, தன் வாழ்க்கைக்கு ஒரு அந்நியரின் சம்மதம் கேட்டு நின்றாள். ஒரு வழக்கறிஞர் வந்து சட்டப் பிரிவைச் சொன்ன பிறகுதான் கையெழுத்து விழுந்தது. அந்த அறையிலும் மனசாட்சி இருந்தது. ஆனால் கவுன்ட்டருக்கு உள்ளே இருந்த மனசாட்சியிடம் முத்திரை இருந்தது, வெளியே நின்ற மனசாட்சியிடம் மனு மட்டும்தான் இருந்தது.

ஆதரவாளர்களில் சிலர் டேவிஸை, பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸோடு ஒப்பிட்டார்கள். ரோசா பார்க்ஸ் அந்தப் பேருந்தில் பயணி, ஓட்டுநர் அல்ல. அவரை எழுந்திருக்கச் சொன்னவரிடம்தான் அதிகாரம் இருந்தது. கடவுளின் பெயரைச் சொல்லித் திருமணத்தைத் தடுப்பதும் அமெரிக்காவுக்குப் புதிதில்லை. வெர்ஜீனியாவில் கறுப்பினப் பெண்ணை மணந்த வெள்ளைக்காரரையும் அவர் மனைவியையும் தண்டித்த நீதிபதி, இறைவன் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்ததே அவை கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று எழுதினார். உச்ச நீதிமன்றம் 1967ல் அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிந்தது. அப்புறமும், 2009ல், லூசியானாவில் சிறு வழக்குகளைப் பார்க்கும் உள்ளூர் நீதிபதி ஒருவர் கலப்பின ஜோடிக்குத் திருமணம் செய்துவைக்க மறுத்துப் பதவி விலகினார். அந்த வெர்ஜீனியா நீதிபதியும் தன் நம்பிக்கையில் உண்மையாகத்தான் இருந்திருப்பார்.

பெரியம்மாவின் கேள்வி

விட்டுவிட்டுப் போனால் சாட்சி எங்கே? இதற்கு எனக்குக் கிடைத்த பதில் எதிர்பாராத ஆளிடமிருந்து வந்தது. நீதிபதி ஆன்டனின் ஸ்கலியா தீவிரக் கத்தோலிக்கர், ஓபர்கெஃபெல் வழக்கில் மிகக் காட்டமாக மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர். 2002ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். மரண தண்டனை பாவம் என்று ஒரு நீதிபதி நம்பினால், அவர் செய்யக்கூடியது ராஜினாமாதான். பதவியில் இருந்துகொண்டே சட்டத்தைச் செயலிழக்கச் செய்ய அவருக்கு உரிமை இல்லை என்பது அதன் சாரம். பதவிப் பிரமாணம் எடுத்தவர் சட்டத்தின் பெயரால் பேசுகிறார், தன் பெயரால் அல்ல. ராஜினாமா செய்து, நீதிமன்றப் படிக்கட்டில் நின்று "இதனால்தான் விலகுகிறேன்" என்று சொல்வதும் சாட்சிதான் பெரியம்மா. வருடத்துக்கு 80 ஆயிரம் டாலர் சம்பளத்தை விட்டுவிட்டு ஒருவர் அப்படிச் சொன்னால், ஏற்காதவனும் நின்று கேட்பான்.

அதற்காக, நம்பிக்கை உள்ளவர்கள் எல்லாரும் அரசு வேலையை விட்டு ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது கொடுமை. பென்சில்வேனியாவில் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த தபால்காரர் ஒருவரின் வழக்கில், மத நம்பிக்கைக்கு இடம் கொடுக்க நிர்வாகம் இன்னும் நன்றாக முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023ல் ஒருமனதாகச் சொன்னது. படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யூட்டா மாநிலம் 2015லேயே ஒரு வழி கண்டது: எந்த கிளார்க்கையும் வற்புறுத்த வேண்டாம், ஆனால் திருமணம் செய்துவைக்க ஒருவர் கிடைப்பதை அலுவலகம் உறுதி செய்ய வேண்டும். கென்டக்கியிலும் கடைசியில் ஏறக்குறைய அதுதான் நடந்தது. புதிய ஆளுநர் மாட் பெவின் 2015 டிசம்பரில் உரிமப் படிவத்திலிருந்து கிளார்க்கின் பெயரை எடுத்தார், 2016ல் சட்டமன்றம் எல்லாருக்கும் ஒரே படிவம் என்று சட்டம் செய்தது. இதை டேவிஸ் 2015 கோடையிலேயே கேட்டிருந்தார். அதற்காகச் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்ட ஆளுநர் பெஷியர் மறுத்தார். அது பிழை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒரு படிவத்தில் ஒரு வரியை எடுத்திருந்தால் அந்தப் பெண் சிறைக்கே போயிருக்க வேண்டாம். அரசாங்கம் பிடிவாதம் பிடித்த இடத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எங்கள் சபையில் யாரும் என் பேச்சைக் கேட்க மாட்டார்கள், கேட்காதது நியாயமும்கூட.

ஆனால் விலகிக்கொள்ளும் உரிமை பரவும்போது என்ன ஆகும் என்பதற்கு வட கரோலினா இருக்கிறது. மத நம்பிக்கை காரணமாக மாஜிஸ்திரேட்டுகள் திருமணம் நடத்துவதிலிருந்து விலகலாம் என்று அங்கே 2015ல் சட்டம் வந்தது. ஆளுநர் நிராகரித்தும் சட்டமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. மக்டவல் கவுன்ட்டியில் எல்லா மாஜிஸ்திரேட்டுகளும் விலகிவிட, வெளியிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டியதாயிற்று. அலபாமா இன்னும் ஒரு படி மேலே போனது. சில கவுன்ட்டிகள் வருடக்கணக்கில் யாருக்கும் உரிமமே கொடுக்காமல் இருந்தன. 2019ல் உரிமம் என்ற முறையையே எடுத்துவிட்டு, ஜோடிகள் தாங்களே படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் நீதிபதி பதிவு செய்துகொள்வார் என்று மாற்றிவிட்டார்கள். பார்க்க அசிங்கமான சமாதானம்தான். ஆனால் வரிசையில் நிற்பவருக்குக் காகிதம் கிடைக்கிறது, அதனால் எனக்கு அதில் பெரிய குறை இல்லை.

இப்போது டெக்சாஸ். 2025 அக்டோபரில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் நீதிபதிகளின் நடத்தை விதிகளில் ஒரு விளக்கம் சேர்த்தது: உண்மையான மத நம்பிக்கை காரணமாகத் திருமணம் நடத்திவைக்காமல் ஒதுங்கும் நீதிபதி விதியை மீறியவர் ஆகமாட்டார். அங்கே நீதிபதிகள் திருமணம் நடத்துவது கட்டாயக் கடமை இல்லை. அதனால் ஒருவர் எந்தத் திருமணத்தையும் நடத்த மாட்டேன் என்று ஒதுங்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆண் பெண் திருமணத்தை மட்டும் நடத்திவிட்டு, அடுத்து வந்து நிற்கிற இரண்டு பெண்களைப் பார்த்து நீங்கள் வேறு இடம் பாருங்கள் என்பவரை எப்படிப் பார்ப்பது? நாளைக்கு அதே இரண்டு பெண்கள் ஒரு வாடகைத் தகராறுக்காக அவர் முன்னால் நிற்க வேண்டியிருந்தால், அவரிடம் நியாயம் கிடைக்கும் என்று எந்தத் தைரியத்தில் நிற்பார்கள்? பெரியம்மாவிடம் அடுத்த முறை பேசும்போது இதைத்தான் கேட்கப் போகிறேன். அவரும் தன் நிலத் தகராறுக்காக நீதிமன்ற வாசலில் பல வருடம் நின்றவர்.